முதுகுத்தண்டு நீர் கொடுத்தவர்களுக்கும் கொண்டு வந்தவர்களுக்கும்

அன்புடையீர்,

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் வரும்போது உடலின் எதிர்ப்பு என்ன செய்கிறது, எங்கே தவறுகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. இன்னொருவர் முதுகிலிருந்து வரும் சில மில்லிலிட்டர் நீர் இல்லாமல் அந்த வேலை தொடங்காது. அந்த நீரை எங்கள் மேசைக்குக் கொண்டு வந்து சேர்த்தவர்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளில் கடைசியில் ஒரு வரிதான் கிடைக்கிறது. அது போதாது என்று பட்டதால் இந்த மடல்.

முதல் நன்றி ஊசிக்கு முதுகைக் கொடுத்தவர்களுக்கு. தலைவலியில் சுருண்டு கிடப்பவரிடம் "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா" என்று கேட்க மனம் வராது. ஆனால் இந்த நோயில் நீரை எடுப்பதே சிகிச்சையில் ஒரு பாதி. பூஞ்சையும் அதன் மேலுறையிலிருந்து உதிரும் வழவழப்பான சர்க்கரைப் பொருளும் நீர் வடியும் வழியை அடைத்துக்கொள்ள, மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. நீர்மட்ட உயரமாக அளக்கும் அந்த அழுத்தம் 25 செ.மீ.க்கு மேல் போனால் 20க்கு இறங்கும் வரையோ, மிக அதிகமாக இருந்தால் பாதியாகும் வரையோ வடிக்க வேண்டும். ஒரே தடவையில் 20, 30 மி.லி. கூட வடிக்க வேண்டி வரும். தலைவலி திரும்பினால் மறுநாளும் அதே ஊசி. எப்படியும் வடிக்க வேண்டிய அந்த நீரில்தான் எங்கள் பங்கைக் கேட்கிறோம்.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, மடக்கிய கால்களைத் தளர்த்தச் சொல்லி, மூச்சு சீரான பிறகு அழுத்தத்தை அளந்து எழுதிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. உட்காரவைத்து அளந்தால் எண் பொய்யாக ஏறிவிடும். அந்த எண்ணை நம்பி எடுக்கும் முடிவும் கோணலாகும்.

அடுத்து, நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து அணு எண்ணியவர்கள். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மற்ற மூளைக்காய்ச்சல்களில் நீரில் வெள்ளையணு பெருகுவது பயமுறுத்தும் சேதி. இங்கே தலைகீழ்: ஒரு கன மில்லிமீட்டரில் 5க்கும் குறைவாக இருந்தால்தான் பயம். காரணம், இந்தப் பூஞ்சையைக் கொல்ல வேண்டிய விழுங்கணுக்கள் தாமாகக் கொல்வதில்லை. எச்.ஐ.வி. அழிக்கும் வெள்ளையணுக்களான சிடி4 அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற தூண்டுபொருளைச் சுரந்து தூண்டினால்தான் அவை முறுக்கேறும். ரத்தத்தில் கன மில்லிமீட்டருக்குச் சிடி4 எண்ணிக்கை 100க்குக் கீழே போனவரிடம் அந்தத் தூண்டுதலுக்கு ஆளில்லை. விழுங்கப்பட்ட பூஞ்சை விழுங்கணுவின் வயிற்றுக்குள்ளேயே பெருகுகிறது. சில சமயம் அதைக் கொல்லாமலே வெளியே நழுவியும் போகிறது. அழற்சி இல்லாததால் கழுத்து விறைப்பும் பல பேருக்கு இருக்காது. "கழுத்து இளகித்தானே இருக்கிறது" என்று நோயைத் தள்ளிப்போடுவது அதனால்தான் இங்கே ஆபத்து.

இப்போது எண்ணும் தட்டில் பாருங்கள். பூஞ்சை அணுவும் லிம்போசைட் என்ற வெள்ளையணுவும் ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டும் உருண்டை. தானியங்கி எண்ணி இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துவிடும். உண்மையில் 3 வெள்ளையணு உள்ளவர் தாளில் 60 உள்ளவராக ஏறிவிடுவார். நாங்கள் தேடும் ஆளே கூட்டத்தில் தொலைந்துவிடுவார். இதைத் தடுத்தது இயந்திரத்தை நம்பாமல் ஒரு சொட்டு இந்தியா மையைக் கலந்து பார்த்த கண்கள்தான். கருப்புப் பின்னணியில் ஒளிவட்டம் போல உறை, குறுகிய கழுத்தோடு பிதுங்கும் மொட்டு இருந்தால் அது பூஞ்சை. சாயமிட்டால் உட்கரு நிறமேறித் தெரிவது வெள்ளையணு.

இந்த எண்ணின் மதிப்பு 2014இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 177 பேர் பங்கேற்றார்கள். எச்.ஐ.வி. கூட்டு மருந்தை ஓரிரு வாரத்தில் தொடங்கியவர்களில் 26 வாரத்துக்குள் 100க்கு 45 பேரும், ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களில் 30 பேரும் இறந்தார்கள். நீரில் 5க்கும் குறைவான வெள்ளையணு இருந்தவர்களிடம்தான் இந்த இடைவெளி பெரிதாக விரிந்தது. அழற்சியே கெடுதல் என்ற எண்ணத்தில் அதை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வு, 451 பேரோடு பாதியில் நிறுத்தப்பட்டு 2016இல் வெளியானது. அந்த மருந்து பெற்றவர்களிடம் பூஞ்சை மெதுவாகக் குறைந்தது, ஊனம் கூடியது. பலன் பெறாதவர்களும் அடங்கிய அந்தப் பெயர் தெரியாத பங்கேற்பாளர்களுக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

மாதிரியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. கணக்கு இதோ: கன மில்லிமீட்டருக்கு 3 வெள்ளையணு என்றால் 5 மி.லி. நீரில் மொத்தமே 15,000. அதே நீரில் மில்லிலிட்டருக்கு 10 லட்சம் பூஞ்சை இருந்தால் 50 லட்சம். அந்த 50 லட்சத்துக்கு நடுவே 15,000த்தைத் தேட வேண்டும். கழுவும்போது பாதி போய்விடும் என்பதால் இரண்டு குழாயாகப் பிரிக்கத் துணிவதில்லை. நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளையணுக்களோ அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதி சிதைந்துவிடும். எடுத்த நேரத்தைக் குழாயின் மேலேயே எழுதியவர்கள் எங்களுக்குச் செய்த உதவி அவர்களுக்கே தெரியாது. ரத்தத்தை உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் குழாயில் வாங்கி, "கெட்டுப்போகுமே" என்று குளிர்பெட்டியில் வைக்காமல் அப்படியே கொண்டு வந்தவர்களுக்கும் நன்றி. குளிர் பட்ட அணுக்கள் பிறகு தூண்டினாலும் சரியாகப் பதில் சொல்லாது.

பூஞ்சையை வளர்த்து எண்ணியவர்கள் குழாயை நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் கை வைத்தார்கள். கலக்காவிட்டால் பூஞ்சை அடியில் படிந்து, மேலே எடுத்தால் குறைவாகவும் கீழே எடுத்தால் அதிகமாகவும் காட்டும். பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 0.1 மி.லி. வீதம் சபோராட் ஊடகத்தில் தடவி, 30 டிகிரியில் வைத்து எண்ணி, நாளுக்கு எவ்வளவு சரிகிறது என்று கோடு போட்டால்தான் எதிர்ப்பின் வேகம் தெரியும். மையவிலக்கியில் சுழற்றியபின் மேலே தெளிந்த நீரை 0.5 மி.லி. குழாய்களாகப் பிரித்து −80 டிகிரியில் வைத்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம். ஒரே பெரிய குழாயாக வைத்திருந்தால் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சைட்டோகைன்கள் என்ற எதிர்ப்புச் சேதிப் பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்திருக்கும்.

மருந்தகத்தாரை மறக்க முடியாது. பூஞ்சையைக் கொல்லும் லைப்போசோமல் ஆம்போடெரிசினை உப்புக் கரைசலில் கலந்தால் திரிந்துவிடும், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். எடைக்கு கிலோவுக்கு 10 மி.கி. ஒரே தடவை, கூடவே 14 நாள் ஃப்ளூசைட்டோசின் மாத்திரை, நாளுக்கு கிலோவுக்கு 100 மி.கி., நான்காகப் பிரித்து. ஃப்ளூகோனசோல் நாளுக்கு 1200 மி.கி. நள்ளிரவு வேளை ஃப்ளூசைட்டோசினை எழுப்பிக் கொடுத்து, கொடுத்ததைக் குறித்தும் வைத்த இரவுச் செவிலியர் இல்லையென்றால், கோடு சரியாமல் நிற்பது எதிர்ப்பு பலவீனத்தாலா, தவறிப்போன மாத்திரையாலா என்று எங்களால் பிரித்திருக்க முடியாது.

கடைசியாக, வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு. நினைவு தடுமாறிய நிலையில் வருபவருக்காக வீட்டார் கையெழுத்துப் போடுவார்கள்; தெளிந்த பிறகு அவரிடமே மறுபடி கேட்போம். சிலர் யோசித்து, கூடாது என்றார்கள். அவர்கள் குழாய்களை எடுத்து அழித்துவிட்டோம். நேராகச் சொன்னதற்கு நன்றி.

இப்படிக்கு,
ஆய்வுக் குழுவினர்