கட்டியின் முகத்தைப் பார்த்து மரபணுவை முடிவு செய்யாதீர்கள்

நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கும், பயாப்சி அறிக்கை எழுதும் நோயியல் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் மருத்துவம் படித்தவன் அல்ல. அப்பாவுக்கு இந்த நோய் வந்தபிறகு படிக்க ஆரம்பித்தவன். அவர் நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவர். பயாப்சியில் அடினோகார்சினோமா (சுரப்பிச் செல் வகைப் புற்றுநோய்) என்று வந்தது. மரபணுப் பரிசோதனை வேண்டாமா என்று கேட்டேன். "புகைப்பவர்தானே, ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்காது" என்று முடித்துவிட்டார்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு மரபணு; அதில் மாற்றம் இருந்தால் அதை அடக்க மாத்திரை உண்டு. கீமோ தொடங்கியது. நான்கு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் மெழுகில் பதித்து வைத்திருந்த அதே பயாப்சித் திசுவைச் சோதிக்கச் சொன்னார். எக்ஸான் 19 நீக்கம், அதாவது ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் ஒரு துண்டு விடுபட்ட மாற்றம், இருந்தது. மாத்திரை கொடுத்திருக்க வேண்டிய நோய்!

அன்று சொன்ன காரணம் முழுப் பொய்யும் அல்ல, அதுதான் சிக்கல். ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் புகைக்காதவர்களிடமும் பெண்களிடமும் கிழக்காசியரிடமும் அதிகம். அந்தக் கட்டிகள் பல நேரம் காற்றறைச் சுவரை ஒட்டியே படரும், சி.டி. ஸ்கேனில் தேய்த்த கண்ணாடி போல மங்கலாகத் தெரியும். ஏ.எல்.கே. இணைவு (அந்த மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொள்வது) உள்ளவை பெரும்பாலும் திண்மையான கட்டிகள், நோயாளிகளும் சற்று இளையவர்கள். கே-ராஸ் என்ற மரபணுவின் மாற்றம் புகையோடு சேர்ந்தது, சளி சுரக்கும் வகையில் அடிக்கடி தென்படுவது. அதிலும் ஒரு நுணுக்கம்: புகைத்தவர்களிடம் ஜி12சி (G12C) என்ற கே-ராஸ் மாற்றம் அதிகம், புகைக்காதவர்களிடம் ஜி12டி (G12D). புகையிலை நஞ்சு டி.என்.ஏ.வில் ஜி (G) என்ற எழுத்தை டி (T) ஆக்கிவிடுவதன் தடம்தான் ஜி12சி. படித்தபோது அசந்துபோனேன்.

சரி, இவ்வளவும் உண்மைதான். ஆனால் இவையெல்லாம் ஆயிரம் பேரைப் பார்த்துச் சொன்னவை. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒருவர். 2013-லேயே அமெரிக்க நோயியல் கல்லூரியும் நுரையீரல் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கமும் மூலக்கூறு நோயியல் சங்கமும் சேர்ந்து தந்த வழிகாட்டி, அடினோகார்சினோமா நோயாளியைப் புகைப்பழக்கம், பாலினம், இனம் பார்த்துச் சோதனையிலிருந்து விலக்கக் கூடாது என்றது.

கட்டியின் தோற்றம் வீண் என்று நான் சொல்லவில்லை. அதை வேறு இடத்தில் பயன்படுத்துங்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். மாத்திரையில் அடங்கியிருந்த கட்டி திடீரென்று வேகமாக வளர்ந்தால், சிலரிடம் அது சிறுசெல் புற்றுநோய் என்ற வேறு வகையாகவே மாறியிருக்கும். டி.பி.53, ஆர்.பி.1 என்ற, கட்டி வளராமல் தடுக்கும் மரபணுக்கள் இரண்டும் பழுதான கட்டிகளில் இந்த ஆபத்து கூடுதல். இரத்தத்தில் மரபணுவை மட்டும் தேடினால் இந்த மாற்றம் தெரியாமல் போகலாம். செல்லின் உருவத்தை நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு இப்போது மாத்திரை வேலை செய்கிறது. நாளை நின்றால் மறுபடி பயாப்சி எடுப்பார்களா என்பதுதான் என் இன்றைய கவலை.

நோயியல் மருத்துவர்களிடம் தனியாக ஒன்று. ஊசியில் வரும் திசு மிகக் கொஞ்சம். வகையை உறுதிசெய்யச் சாயம் மேல் சாயம் போட்டே அதைத் தீர்த்துவிடாமல், மரபணுவுக்கு முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். அப்புறம், கட்டி எந்த வடிவத்தில் வளர்ந்திருக்கிறது, எந்த மரபணு சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை என்பதை ஒரே அறிக்கையில் எழுதுங்கள். அப்பாவின் முதல் அறிக்கையில் "புகைப்பவர்" என்று மூன்று இடத்தில் இருந்தது. மரபணு பற்றி ஒரு வரியும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்