பாப்பாவுக்கு, வண்டன்மேட்டிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். மழை விட்டபாடில்லை, ஏலக்காய் எடுப்பு தள்ளிக்கொண்டே போகிறது. போனில் கூப்பிட்டால் ‘அப்புறம் பேசுகிறேன்’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

உன் எம்.பி.ஏ. படிப்புக்கு ஒரு கோடி சம்பளமாமே என்று டீக்கடையில் கேட்டார்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனதே, அன்று நம் காய்க்கு என்ன கிடைத்தது என்று உனக்குத் தெரியும். உச்ச விலை பேப்பருக்கு. சராசரியும் அப்படித்தான், இரண்டு பேருக்கு வெளிநாட்டு வேலை அமைந்தால் ஏறிவிடும். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். அந்தத் தொகையிலும் சேரும்போது ஒரே ஒருமுறை தருகிற போனஸ், பி.எஃப். எல்லாம் அடக்கம்.

ஹார்வர்டில் 2024-இல் எம்.பி.ஏ. முடித்து வேலை தேடியவர்களில் 23 சதவீதம் பேருக்கு மூன்று மாதம் கழித்தும் வேலை இல்லையாம். 2022-இல் அது 10 சதவீதம்தான். காலம் அப்படி. யாரையும் குறை சொல்வதற்கில்லை. பொதுவாகத்தான் எழுதுகிறேன், உன்னை வைத்து இல்லை.

சின்னக் கம்பெனி என்றாலும் பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

எம்.பி.ஏ. சேர நீ எழுதிய கேட் தேர்வு மார்க்கை அம்மா இன்னும் பீரோ கதவிலிருந்து எடுக்கவில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். அப்படிப்பட்ட பெண், சித்தி மகள் கல்யாணத்துக்கு வராமல் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது கேட்டுவிடுவார்கள் என்றா? கேட்டால் பதில் சொல்ல நான் இல்லையா? சின்னக் கம்பெனி என்றாலும் நம் வீட்டில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மாமா சுளிப்பார், அவர் எதற்குத்தான் சுளிக்கவில்லை.

கடனைப் பற்றி யோசிக்காதே. படிப்பு முடிந்து ஒரு வருடத்துக்குத் தவணை கிடையாது. வட்டி ஓடத்தான் செய்யும், அதை நான் கட்டிவருகிறேன். பேங்கில் புதிதாக ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். பெயர், முகவரி எல்லாம் எழுதிவிட்டேன். மூன்றாவது வரியில் ‘வேலையில் சேர்ந்த தேதி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நீ சொல்கிறபடி எழுதிக்கொள்கிறேன். காலியாக விடச் சொன்னாலும் விட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா