ஒன்றரை மாத ஊசியன்று நெஞ்சையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறவி இதயக் கோளாறுகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிறந்த குழந்தையின் கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவைப் பார்த்தாலே போதும் என்பது போல் முடித்திருந்தீர்கள். போதாது.

ஆக்சிஜன் பார்க்கும் அந்தக் கருவி, உடம்பு நீலம் பாரிக்கும் வகைகளைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இதயத்தின் ஒரு கீழறை வளராமலே பிறப்பதும் அதில் அடங்கும். ஆனால் அதிகம் காணப்படுவது இரண்டு கீழறைகளுக்கும் நடுச்சுவரில் உள்ள ஓட்டை. அதில் நல்ல ரத்தம்தான் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போகிறது. குழந்தை நீலமாகாது, கருவியும் ஆக்சிஜன் 98 சதவீதம் என்றே காட்டும். பிறந்ததும் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாலும் பல நேரம் ஓட்டையின் சத்தம் இருக்காது. நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் இறங்கச் சில வாரம் பிடிக்கும். அப்புறம்தான் ரத்தம் அந்தப் பக்கம் பாயும், சத்தமும் கேட்கும்.

பீஞ்சமந்தை மலையிலிருந்து வந்த ஒரு பிள்ளை, பால் குடிக்கத் தொடங்கியதுமே மூச்சு வாங்கி விட்டுவிடும். தலை நனைய வியர்க்கும். எடை ஏறவில்லை. தாய்க்குப் பால் பத்தவில்லை என்றார் மாமியார். சளி என்று சிரப் எழுதினார் ஒரு தனியார் டாக்டர். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து ஓட்டையைக் கண்டபோது நாலு மாதம் ஆகியிருந்தது.

‘தானா மூடிடும்’ என்பதும் பாதி உண்மைதான். சுவரின் தசைப்பகுதியில் உள்ள சின்ன ஓட்டை பெரும்பாலும் மூடிக்கொள்ளும். உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியின் வால்வை ஒட்டி இருப்பதை அப்படி நம்பி விட்டுவிடக் கூடாது. பெரிய ஓட்டையை ஆண்டுக்கணக்கில் விட்டால் நுரையீரல் குழாய்கள் கெட்டு, ஆபரேஷனே செய்ய முடியாமல் போகலாம்.

பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ராஷ்டிரிய பால் சுவஸ்திய திட்டக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறைதான் வருகிறது. கைக்குழந்தை அதில் விட்டுப்போகும். ஆனால் ஒன்றரை மாத ஊசிக்கு எப்படியும் வந்துவிடும். அந்தப் புதன்கிழமை செவிலியர் ஒரு நிமிடம் மூச்சை எண்ணட்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் சரியில்லை. பால் குடிக்கும்போது வியர்க்கிறதா என்று கேட்கட்டும். சந்தேகம் வந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

இதய சிகிச்சைக்காக நம் வேலூருக்கு வர, வங்காளத்திலிருந்து ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். நம் மலைப் பிள்ளைக்கு ஒரு நிமிடம் ஒதுக்கக் கூடாதா? தடுப்பூசி அட்டையிலேயே இதற்கு ஒரு கட்டம் சேர்க்கும்படி சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.