அழகர் ஆற்றில் இறங்கும் வரை அந்தக் கேமராவில் கைவைக்காதே

மதுரை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாகவும், அதற்குள் நான் கொடுத்த கேனான் 600டி கேமராவில், அதில் இல்லாத வசதிகளைச் சேர்க்கும் மேஜிக் லேண்டர்ன் என்ற மென்பொருளை ஏற்றிவிடப் போவதாகவும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் காத்திருந்ததால் ‘பொறு’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த இலவச மென்பொருளை நான் அறியாதவன் அல்லன். 2009-இல் கேனானின் 5டி மார்க் 2 கேமராவுக்காகத் தொடங்கப்பட்ட அது, கேமராவை இயக்கும் கேனானின் சொந்த உள்நிரலான ஃபர்ம்வேரை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காருவதில்லை; மெமரி கார்டிலிருந்து ஏறி, அதனோடு சேர்ந்து ஓடுகிறது. பானசோனிக் ஜிஎச்2 கேமராவுக்கு வெளியாட்கள் திருத்திக் கொடுத்தது வேறு வகை. அது கேமராவின் ஃபர்ம்வேரையே மாற்றி எழுதுவதால், எழுதும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால் கேமரா மறுபடி எழாமலே போகக்கூடும். உன் கேமரா அப்படிச் செத்துப்போகும் என்பது என் முதல் கவலை அன்று. வேண்டிய நிமிடத்தில் அது சொன்னபடி கேட்குமா என்பதே என் கவலை.

நிறுவும்போது, ‘கார்டில் நிரல் இருக்கிறதா என்று முதலில் பார்’ என்ற ஒரு குறிப்பு கேமராவின் உள்நினைவில் பதிந்துவிடுகிறது. கார்டை மாற்றினாலும் அந்தக் குறிப்பு அழியாது. இதை நான் ஒரு கல்யாணத்தில்தான் தெரிந்துகொண்டேன். கைமாற்றாக வாங்கிய கேமராவுடன் திருப்பரங்குன்றத்துக்குப் போயிருந்தோம். அதன் முந்தைய உரிமையாளர் மேஜிக் லேண்டர்ன் ஏற்றியிருந்ததும், அவர் சேர்த்துக் கொடுத்த கார்டில் அதன் கோப்புகள் இருந்ததும் எனக்குத் தெரியாது. நம் கடைப் பையன் அவற்றை வேண்டாத கோப்புகள் என்று கம்ப்யூட்டரில் அழித்துக் கொண்டுவந்திருந்தான். துவக்கக் கார்டு என்ற அடையாளம் மட்டும் கார்டில் மிஞ்சி, துவக்க வேண்டிய கோப்பு இல்லாமல் போனதால், கேமரா ஆன் ஆகாமல் அப்படியே நின்றது. பேட்டரியைக் கழற்றி, வேறு கார்டைப் போட்டபின் உயிர் வந்தது. ஆனால் அதற்குள் கன்னிகாதானம் முடிந்திருந்தது. பெண்ணின் தகப்பனாருக்கு இந்த விளக்கத்தையெல்லாம் சொல்ல முடியுமா? பாதிக் கூலியை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்படித் துணிந்து ஏற்றினாலும் நீ நினைக்கும் பலன் கிடைக்குமா என்று கணக்குப் போட்டுப் பார். 1920-க்கு 1080 அளவில், சுருக்காமல் அப்படியே பதியும் 14 பிட் ரா வீடியோவுக்கு ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 3.6 எம்.பி. வரும்; நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 87 எம்.பி. எவ்வளவு வேகமான கார்டைப் போட்டாலும் 600டி எழுதும் வேகம் நொடிக்குச் சுமார் 20 எம்.பி.தான். சில நொடிகளில் பதிவு நின்றுவிடும். இல்லையென்றால் படத்தின் அளவைச் சுருக்க வேண்டும். இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோக்கும் டைம்லேப்ஸுக்காக மட்டும் என்றால், பக்கவாட்டில் உள்ள ரிமோட் துளையில் செருகும் டைமர் ரிமோட் ஒன்றே போதும். அதற்கு எந்த நிரலும் வேண்டியதில்லை.

பதிப்பு பொருந்துவது இன்னொன்று. 600டி-க்கான மேஜிக் லேண்டர்ன், கேனானின் 1.0.2 ஃபர்ம்வேர் பதிப்பின் உள்முகவரிகளை நம்பி எழுதப்பட்டது. வேறு பதிப்பில் அந்த முகவரியில் வேறு எதுவோ இருக்கும். கார்டு மூடியைத் திறந்தால் விளக்கு அணையும் வரை காத்திருக்கவும் வேண்டும். முந்திக்கொண்டு கார்டை உருவினால் கேமரா உறைந்து, உள்ளே ஓடிக்கொண்டே பேட்டரியைத் தின்னும். கூட்டத்தில் முழங்கை இடிக்க அவசரமாகக் கார்டு மாற்றும் உன் பழக்கம் எனக்குத் தெரியாதா? வாரண்டியைப் பற்றி நான் பேசவில்லை. 2011-இல் வந்த கேமராவுக்கு அது முடிந்து எத்தனையோ காலமாயிற்று.

கல்யாணத்திலாவது மாலையை மறுபடி மாற்றச் சொல்லிப் படம் எடுத்துவிடலாம். அழகர் ஆற்றில் இறங்குவதைத் தவறவிட்டால் அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டும். ஆகவே இந்த முறை 600டி இருக்கிறபடியே வரட்டும். கார்டுகளைக் கம்ப்யூட்டரில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து கொண்டுவா. இரண்டு பேட்டரியையும் முழுதாக சார்ஜ் செய்துகொள். உனக்கு அதைக் கற்கும் ஆசை இருப்பது தவறே இல்லை. கடை அலமாரியில் என் பழைய 550டி சும்மா கிடக்கிறது. திருவிழா முடிந்த மறுநாள் இருவரும் உட்கார்ந்து, அதன் பதிப்பு எண்ணைச் சரிபார்த்து, அதில் ஏற்றிப் பார்ப்போம்.

வைகையின் குறுக்கே உள்ள ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டு மாடியில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ ஆற்றுக்குள்தான் இறங்குவேன் என்று அடம்பிடிப்பாய் என்பதால், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களை நினைத்து, கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் தைத்து வைத்திருக்கிறேன்.

உன் அன்புள்ள,
அப்பா