வண்டியை அனுப்புவதற்கு முன்

அன்புள்ள மக்களே,

இங்கே எல்லோரும் சுகம். அம்மைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மண் பாதை ஓட்டத்துக்கு உன் யமஹா ஆர்எக்ஸ் பைக் தயாராகிவிட்டது. அடுத்த வாரம் நாகர்கோவில் ஜங்ஷனில் பார்சல் போட்டு பெங்களூரு போகும் ஐலண்டு எக்ஸ்பிரஸில் ஏற்றலாம் என்றிருக்கிறேன். டேங்கில் பெட்ரோல் இருந்தால் ரயிலில் ஏற்றமாட்டார்கள், அதனால் வறண்ட டேங்கோடுதான் வண்டி உன் கைக்கு வரும். நீ ஊற்றும் முதல் பெட்ரோலில் இருந்தே கவனம் வேண்டும். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். கார்பரேட்டரைக் கழற்றும்போது இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

முதல் விஷயம், ஆயில் பம்பைக் கழற்றிவிட்டேன். பழையபடி பக்கத்து டேங்கில் 2டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் இஞ்சின் ஆயில்) ஊற்றிவிட்டுப் பெட்ரோலைத் தனியாக அடித்துக்கொண்டு போகிற வண்டி இல்லை இப்போது. மண்ணில் விழுந்து எழப்போகிற வண்டிக்கு அந்தப் பம்பின் கேபிளும் டியூபும் வேண்டாத தொல்லை. டியூப் எங்காவது கழன்றால் வெளியே எதுவும் தெரியாது, பிஸ்டன் பிடித்த பிறகுதான், அதாவது சூட்டில் சிலிண்டருக்குள் இறுகி நின்ற பிறகுதான் தெரியும். இனி ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி ஆயில், அதாவது நாற்பதுக்கு ஒன்று. டேங்க் மூடியின் மேலே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். நண்பன் யாராவது இரவல் கேட்டால் அந்தச் ஸ்டிக்கரைக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கணும். டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் கிராங்குக்கும் பிஸ்டனுக்கும் வேறு ஆயில் கிடையாது. பெட்ரோலோடு உள்ளே போகிற அந்தக் கொஞ்சம்தான் மொத்தமும்.

இன்னொன்று, பயத்தில் ஆயிலைக் கூட்டி ஊற்றிவிடாதே. ஆயில் கூடினால் அதே ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடுகிற சின்னத் துளை) வழியாகப் போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், கலவை வறண்டுபோகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. ஜெட் எல்லாம் 25 மில்லி கணக்குக்குத்தான் பார்த்து வைத்திருக்கிறேன்.

இஞ்சின் வேலையைப் பற்றி நீ கேட்டிருந்தாய். சிலிண்டரை லேத்தில் கொடுத்து 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போர் அடித்து, அதாவது உள்சுவரைக் கடைந்து அகலமாக்கி வாங்கினேன். வந்த சிலிண்டருக்குள் விரலை விட்டுப் பார்த்தால் போர்ட் (கலவையும் புகையும் போய்வருகிற சுவர்த் துளை) விளிம்பெல்லாம் பிளேடு மாதிரி நின்றது. அப்படியே பூட்டினால் ரிங் ஒவ்வொரு முறையும் போர்ட்டைத் தாண்டும்போது அந்த விளிம்பில் உரசும், கொஞ்ச நாளில் ஒடியும். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து சின்ன அரத்தாலும் எமரி தாளாலும் ஒவ்வொரு விளிம்பையும் லேசாகச் சரித்தேன். விரலை வைத்தால் வழுக்கிப் போகணும், அதுவரை விடவில்லை. பிஸ்டனின் பள்ளத்தில் ஒரு சின்ன முளை இருக்கும், ரிங் சுற்றிவராமல் அதுதான் பிடித்து நிறுத்துகிறது. ரிங் முனை இரண்டும் அந்த முளைக்கு இருபுறமும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் சிலிண்டரை இறக்கக்கூடாது. நாளைக்கு நீயே திறக்க வேண்டி வந்தால் இதை மறக்காதே. கிராங்கின் இரண்டு ஆயில் சீலும் புதுசு. மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்றை இழுத்துக் கலவையை வறட்டும், கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை கக்கும். இரண்டும் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கணும், ஏனென்றால் சீல் போன வண்டியில் ஜெட்டை எத்தனை முறை மாற்றினாலும் வண்டி சரியாகாது.

இனி ஓட்டிப் பார்த்த கதை. ஆடி மாதம் நம் மாவட்டத்தில் வண்டி டியூன் செய்வது ஒரு தனிப் பாக்கியம். காலையில் குலசேகரத்தில் பெரியப்பாவின் ரப்பர் விளையில் சாரல், ஈரக்காற்று. மத்தியானம் ஆரல்வாய்மொழிக்கு வந்தால் வறண்ட காற்று ஆளைத் தள்ளும். ஒரே நாளில் இரண்டு வானிலை. இதற்கு வேறு ஊர்க்காரர்கள் பல மாதம் காத்திருக்கணும்.

விளையில் பால்வெட்டு முடிந்து, சிரட்டையில் இருந்து பாலை எடுத்துக்கொண்டு ஆட்கள் போன பிறகுதான் வண்டியை எடுத்தேன். வேலை செய்கிறவர்கள் நடுவில் சத்தம் போட்டுக்கொண்டு திரிவது முறையில்லை. ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு வெள்ளை டேப் சுற்றி, மூடியது, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போட்டேன். நீயும் அதை அப்படியே விட்டுவை. கோடு இல்லாமல் ஓட்டுகிறவன் "நடுவில் எங்கேயோ இழுக்குது" என்றுதான் சொல்வான், எந்த ஜெட் என்று அவனுக்குத் தெரியாது. கால்வாசிக்குள் தகராறு என்றால் ஸ்லோ ஜெட்டும், அதற்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவும். கால் முதல் முக்கால் வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கிப் பெட்ரோலை அளக்கிற ஊசியான நீடில். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனாலும் இந்தக் கணக்கு ஏமாற்றாது.

செம்மண் வழுக்கலில் முதல், இரண்டாம் கியரில் பைய ஏறும்போது வண்டி பெட்ரோல் கூடிப்போய்க் கமறியது. ஏர் ஸ்க்ரூவைத் திறந்துகொண்டே போனேன், இரண்டரைச் சுற்றுக்கு மேல் போன பிறகும் முழுசாகத் தெளியவில்லை. ஸ்லோ ஜெட் பெரிது என்று அர்த்தம். ஒரு நம்பர் சின்னது போட்டதும் ஒன்றரைச் சுற்றிலேயே ஐட்லிங் நின்றது, வேர் மேலே ஏறும்போது லேசாகத் தொட்டாலே போதும், முன்சக்கரம் தூக்கிக்கொடுத்தது. அந்தப் பதில் கிடைத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க நீ இல்லையே என்றிருந்தது. அப்புறம் அரை ஆக்சிலேட்டரில் ஒரு தயக்கம். நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினேன், நீடில் உயர்ந்தது, பெட்ரோல் கொஞ்சம் கூடியது, தயக்கம் போனது. எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மெயின் ஜெட்டைப் பார்க்க ஆரல்வாய்மொழி. காற்றாலைகளுக்கு நடுவே நமக்குத் தெரிந்தவருடைய நிலத்தில் நீளமாக ஒரு மண் பாதை இருக்கிறது, லேசான ஏற்றம். காற்று முகத்தில் அடிக்கும்போது இஞ்சினுக்குச் சுமை கூடும், முதுகில் தள்ளும்போது குறையும். அதனால் இரண்டு பக்கமும் ஓட்டினால்தான் உண்மை தெரியும். புது பிளக் போட்டு, மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஏற்றி, பாதை முடிகிற இடத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டே இஞ்சினை அணைத்து, உருட்டி நிறுத்தி, அங்கேயே பிளக்கைக் கழற்றணும். ஐட்லிங்கில் வீடுவரை வந்து கழற்றினால் அது ஐட்லிங்கின் நிறத்தைத்தான் காட்டும். நுனியைப் பார்த்து ஏமாறாதே. வெள்ளைப் பீங்கான் உள்ளே போய் இரும்பைத் தொடுகிற அடிப்பகுதியில் மெல்லிய வளையமாக ஒரு நிறம் படிந்திருக்கும், டார்ச் அடித்து அதைப் பார்.

இங்கேதான் நான் உனக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இருக்கிறது, மக்களே. முதலில் இருந்த மெயின் ஜெட்டில் முழு ஆக்சிலேட்டரில் லேசான கமறல், வளையம் கறுப்பு. ஒரு நம்பர் குறைத்தேன், கமறல் நின்றது, வளையம் நல்ல காப்பிப்பொடி நிறம். சோதனைக்காக இன்னும் ஒரு நம்பர் குறைத்துப் பார்த்தேன். மக்களே, வண்டி பறந்தது! குரல் கண்ணாடி மாதிரி சுத்தம், பவர் வருகிற இடத்தில் கையைப் பிடுங்கிக்கொண்டு போனது. நீ ஓட்டியிருந்தால் இதையே வைத்துவிடுங்கள் என்று காலைப் பிடித்திருப்பாய். கழற்றிப் பார்த்தால் பிளக் சுண்ணாம்பு வெள்ளை. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இஞ்சின் உடனே இறங்காமல் ஒரு நொடி மேலேயே தொங்கி நின்றது. டூ ஸ்ட்ரோக் மிக நன்றாக ஓடுவது பிஸ்டன் பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான். பெட்ரோல் குறைந்தால் சூட்டைத் தணிக்க ஆள் இல்லை, பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறைகிறது. உடனே நடு ஜெட்டைத் திருப்பிப் போட்டேன், இப்போதும் அதுதான் இருக்கிறது.

போன வருடம் வில்லுக்குறிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜெட்டைத் தொடாமலே ஓட்டினான். "அண்ணாச்சி, இப்பத்தான் வண்டி வண்டியா இருக்கு" என்று என்னிடமே வந்து சொன்னான். காற்று கூடிக் கலவை வறண்டு, இரண்டு நாளில் நாற்கர சாலையில் பிஸ்டன் பிடித்துப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு தப்பினான். அதனால் கேட்கிறேன், வண்டி நன்றாகப் போகிறது என்று உன் காது சொன்னாலும் பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் நம்பாதே. ஓட்டும்போது எப்போதும் ஒரு விரல் கிளட்ச் மேலே இருக்கட்டும். இஞ்சின் இறுகுகிற மாதிரி ஒரு நொடி தோன்றினால் யோசிக்காமல் பிடித்துவிடு, சக்கரம் உருளும், நீ விழமாட்டாய்.

இப்போது பெங்களூரு. அந்த ஊர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரம், காற்று மெலிசு. இங்கே சரியாக இருக்கிற ஜெட் அங்கே கொஞ்சம் கமறும். பயப்படாதே, கமறினால் பிளக் கறுக்கும், அவ்வளவுதான். உடனே சின்ன ஜெட்டைப் பூட்டிவிடாதே. மார்கழிக் காலைக் குளிரில் காற்று மறுபடி அடர்ந்துவிடும். வந்ததும் இதே ஜெட்டில் ஓட்டு, பிளக்கைப் பார், அப்புறம் தேவைப்பட்டால் ஒரு நம்பர். அங்கே சின்ன ஜெட் போட்டபின் கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கி ஓட்டப் போனாலோ, வண்டியோடு ஊருக்கு வந்தாலோ, இறங்குவதற்கு முன்பே பெரிய ஜெட்டை மாற்றிவிடு. மேலே ஏறும்போது மறந்தால் வண்டி மக்கர்தான் செய்யும். கீழே வரும்போது மறந்தால் பிஸ்டன் போய்விடும்.

பெட்ரோலும் முன்பு மாதிரி இல்லை. 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த E20-இல் அதே ஜெட்டில் கலவை வறள்கிறது. நான் பார்த்ததெல்லாம் இந்தப் பெட்ரோலில்தான், அதனால் அது கணக்கில் வந்துவிட்டது. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். பல வாரம் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும், கார்பரேட்டருக்கு அடியில் பெட்ரோல் நிற்கிற ஃப்ளோட் கிண்ணத்தையும் வடித்துவிடு. கலந்து வைத்த பழைய பெட்ரோலை ஊற்றாதே. பெட்ரோல் டியூப்பை எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றியிருக்கிறேன்.

நீளமான இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி கியரில் இறங்காதே. இஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெட்ரோல் போகாது, ஆயிலும் போகாது. அவ்வப்போது லேசாகத் திறந்து மூடு, அல்லது கிளட்சைப் பிடித்துக்கொள்.

ஷாக்கப்சர் என் எடைக்கு வைத்திருக்கிறது. நீ என்னைவிடக் கனம். பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டு உட்கார்ந்தால் பின்பக்கம் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கணும், கூடுதலாக இறங்கினால் ஸ்ப்ரிங்கை ஒரு படி ஏற்று. டயரில் காற்று 15 பிஎஸ்ஐ வைத்திருக்கிறேன், பாறை அதிகம் உள்ள இடத்தில் கொஞ்சம் கூட்டு. செயின் தொய்வை நீ உட்கார்ந்த நிலையில் ஒருமுறை பார்த்துக்கொள். கறை படிந்த ஃபில்டரோடு ஓட்டாதே, புழுதி போனால் புது போர் ஒரு மாதம் தாங்காது. காட்டுக்குள் வனத்துறை எல்லை தாண்டி ஏறாதே, தனியார் நிலத்தில் கேட்டுவிட்டு ஓட்டு. தனியாகப் போகாதே.

அம்மை கவலைப்படுகிறாள். நீ ஓட்டுவது அவளுக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்லமாட்டாள். இந்த வண்டியை நான் வாங்கியபோது அவள் பின்னால் உட்கார்ந்து பேச்சிப்பாறை அணைவரை வந்தவள். எனக்கும் கவலை உண்டு. அதைத்தான் அரத்தையும் ஜெட்டையும் வைத்து என்னால் ஆனமட்டும் குறைத்திருக்கிறேன்.

சீட்டுக்கு அடியில் ஒரு டப்பா இருக்கும். அதில் மெயின் ஜெட் ஐந்து, ஸ்லோ ஜெட் இரண்டு, இரண்டு புது பிளக், ஒரு ஃப்ளோட் கிண்ண கேஸ்கட். ஜெட்டுகளை நம்பரோடு தனித்தனித் தாளில் மடித்திருக்கிறேன், கலந்துவிடாதே. ஆயில் அளக்கிற பாட்டிலையும் அதோடு வைத்திருக்கிறேன். ஆர்சி நகல் பார்சல் ஆபீஸில் கேட்பார்கள், உன்னிடம் இருக்கிறதை போனில் அனுப்பு. வண்டியை எடுத்து முதல் தடவை ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் வைத்து, அடி வளையம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, நான் பார்த்துப் பதில் சொன்ன பிறகு முழு ஆக்சிலேட்டரைத் திற.

அன்புடன்,
அப்பா