கடைசிக் கோலனை நம்பாதே, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி "அம்மா, ஒரே ஒரு வரிதான் மாத்தினேன், சர்வர் எழுந்துடுச்சு" என்று நீ போனில் சொன்னபோது உன் குரலில் தூக்கம் வழிந்தது. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நீ அனுப்பிய அந்த ஒரு வரியை இப்போதுதான் பார்த்தேன். சர்வரின் இணைய முகவரியையும், அதில் எந்த வாசல் என்று சொல்லும் போர்ட் எண்ணையும் பிரிக்க, முதல் கோலனில் (:) வெட்டிக்கொண்டிருந்ததைக் கடைசிக் கோலனில் வெட்டும்படி மாற்றியிருக்கிறாய். போனில் கோலனை எண்ணிக் காட்ட முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கணக்கு புரிகிறது. பழைய ஐபிவி4 வகையில் 127.0.0.1:8080 என்று இருந்தவரை கோலன் ஒன்றுதான். இந்தப் பக்கம் முகவரி, அந்தப் பக்கம் போர்ட். புதிய வகையான ஐபிவி6 முகவரிக்குள்ளேயே கோலன்கள் கிடக்கின்றன, ஆகவே கடைசியில் வருவதுதான் போர்ட்டுடையது என்று முடிவு கட்டிவிட்டாய். போர்ட் கூடவே வந்தால் சரி. சர்வரின் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலில் யாராவது போர்ட் இல்லாமல் வெறும் ::1 என்று, அதாவது தன் கணினியையே குறிக்கும் ஐபிவி6 முகவரியை மட்டும், எழுதினால்? உன் வரி ஒற்றைக் கோலனை முகவரி என்றும், 1-ஐப் போர்ட் என்றும் எடுத்துக் கொடுக்கும். சர்வர் எழாது. எழாமல் போவதுகூடப் பரவாயில்லை, ஏன் எழவில்லை என்று தேடுகிறவர் பாவம்.

இன்னொன்று. ::1:8080 என்று எழுதிப் பார். உனக்கு அது போர்ட்டோடு சேர்ந்த முகவரி. விதிப்படி பார்த்தால் அந்த மொத்தமுமே செல்லுபடியாகும் ஒரு ஐபிவி6 முகவரி, 8080 அதன் கடைசித் துண்டு. எழுத்தை மட்டும் பார்த்து இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்காகத்தான் பகர அடைப்பு: [::1]:8080. போர்ட்டுக்குக் கோலன் என்பது 1994-இல் எழுதிய யூஆர்எல் விதியிலேயே உண்டு. அடுத்த ஆண்டு ஐபிவி6 முகவரியை எழுதும் முறை வகுத்தவர்களும் அதே கோலனை எடுத்துக்கொண்டார்கள். யூஆர்எல்லில் அடைப்புக்குள் எழுத வேண்டும் என்ற விதி 1999 டிசம்பரில்தான் வந்தது. ஒரே சாவியை இரண்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் பூட்டு மாற்றின கதை.

அடைப்பு வந்தாலும் உன் வரி பிழைக்காது. கடைசிக் கோலனில் வெட்டினால் முகவரி என்று கைக்கு வருவது [::1], அடைப்போடு. அதை அப்படியே, இணைப்பைத் திறக்கும் சாக்கெட்டுக்குக் கொடுத்தால் திருப்பி அனுப்பும். லாகில், அதாவது சர்வரின் நடப்புப் பதிவில், எழுதும்போது இன்னொரு ஃபங்ஷன் தன் பங்குக்கு ஒரு அடைப்பு போட்டு [[::1]]:8080 ஆக்கிவிடும். உள்ளே இருக்கும்போது முகவரிக்கு அடைப்பு கிடையாது. போர்ட்டோடு சேர்ந்து வெளியே போகும்போதுதான் சட்டை. அதைப் போடவும் கழற்றவும் நீ பயன்படுத்தும் மொழியின் லைப்ரரியிலேயே ஃபங்ஷன் இருக்கும். முகவரியையும் போர்ட்டையும் வெவ்வேறு மாறிகளில் வைத்துக்கொண்டு அதைக் கூப்பிடு. கையால் வெட்டி ஒட்டாதே.

உபதேசம் செய்கிற அளவுக்கு நான் ஒழுங்கில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிர்வாகப் பக்கத்துக்கு ஒரு அனுமதிப் பட்டியல் எழுதினேன். முகவரியை எழுத்தாக வைத்து, எழுத்தாகவே ஒப்பிட்டேன். ஒரு நாள் சர்வரை ஐபிவி6-லும் கேட்கும்படி மாற்றினோம். மறு நிமிடம் நானே உள்ளே போக முடியவில்லை. ஒரே சாக்கெட் இரண்டு வகையையும் கேட்கும்போது, 192.0.2.10-இலிருந்து வருகிற பழைய ஐபிவி4 இணைப்பு தன் முன்னால் இரண்டு கோலன், நான்கு எஃப், இன்னொரு கோலன் என்று ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆள் அதே ஆள்தான், என் பட்டியலுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த நீண்ட வடிவத்தையும் பட்டியலில் இரண்டாவது வரியாகச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம், நடுவில் நின்று இணைப்பைக் கடத்திவிடும் ப்ராக்ஸி ஒன்று, பூஜ்யங்களைச் சுருக்கி எழுதிய ::1 என்பதை 0:0:0:0:0:0:0:1 என்று விரித்து அனுப்பியது. மூன்றாவது வரி. அப்புறம் ஒன்று, முகவரியில் வரும் எஃப் போன்ற ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் அனுப்பியது. பட்டியல் வளர்ந்ததே தவிர பிழை போகவில்லை. சின்ன எழுத்து, முன்னால் பூஜ்யம் வேண்டாம், நீளமான பூஜ்ய வரிசையைத்தான் சுருக்கு என்று 2010-இல் ஆர்எஃப்சி 5952 என்ற இணைய விதி ஆவணம் ஒரே எழுத்துமுறையைப் பரிந்துரைத்தது. அது எழுதுகிறவருக்கு, வாங்குகிறவர் எல்லா வடிவத்தையும் ஏற்கத்தான் வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் 16 பைட்டுகளாக மாற்றி, ஐபிவி4 முகவரி போட்டுக்கொண்டு வந்த அந்த ஐபிவி6 வேடத்தைக் கழற்றி, எண்ணாக ஒப்பிட்டேன். பட்டியல் மறுபடி ஒரு வரிக்கு வந்தது.

உன் கோடிலும் எங்காவது முகவரியை எழுத்தாக ஒப்பிடும் இடம் இருக்கும், தேடு. டேட்டாபேஸில் அதற்கு 15 எழுத்து அகலம்தான் கொடுத்திருக்கிறார்களா என்றும் பார். ஐபிவி4-க்கு அது போதும், விரித்து எழுதிய ஐபிவி6-க்கு 39 வேண்டும்.

பேட்சை, அதாவது உன் திருத்தத்தை, திரும்ப எழுதினால் டெஸ்ட்டில் ::1, [::1], [::1]:8080, வெறும் :8080 நான்கையும் போடு. அடைப்பில்லாத ::1:8080-க்கு என்ன செய்யப் போகிறாய் என்பது உன் முடிவு. நானாக இருந்தால் மொத்தத்தையும் முகவரியாக எடுத்துக்கொண்டு, "போர்ட் தரவில்லை, வழக்கமான போர்ட்டை எடுத்துக்கொள்கிறேன்" என்று லாகில் ஒரு வரி எழுதுவேன். வேண்டாம், நேரே மறுத்துவிடலாம் என்று நீ சொன்னால் அதற்கும் நியாயம் உண்டு. காரணத்தை எழுது, சண்டை போடலாம்.

கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு கோலனுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அடுத்த முறை பெரிய எழுத்தில் அனுப்பு. இன்றைக்காவது நேரத்தோடு தூங்கு.

அன்புடன்,
அம்மா