நீலக் குடை அண்ணனுக்கு நன்றி

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில், பழைய கல்குவாரிப் பக்கம் நீலக் குடையோடு வந்த அண்ணே, பெயர் கேட்க மறந்துவிட்டேன், உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

நாங்கள் நாலு பேர், கயிறு இல்லாமல் பாறையில் தாழ்வாக ஏறிப் பழகலாம் என்று, விழுந்தால் தாங்கும் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தோம். முந்தின இரவு நல்ல மழை; கருங்கல் காய்ந்திருந்தாலும் ஓரத்துப் பாசி காயவில்லை, பார்க்காமல் கால் வைத்தது என் தப்பு. ஓர் ஆள் உயரம்தான், ஆனால் மெத்தையின் விளிம்பில் விழுந்து கணுக்கால் மடங்கிவிட்டது. ஆம்புலன்சுக்கு 995ஐக் கூப்பிடுவதா வேண்டாமா என்று நண்பர்கள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்தீர்கள்.

"தம்பி, முதல்ல ஷூவைக் கழட்டு, வீங்கினா வெட்டித்தான் எடுக்கணும்."

பாறை ஏறும் ஷூ விரல்களை மடக்கிப் பிடித்திருக்கும், கழற்றும்போது உயிரே போயிற்று. அப்புறம் உங்கள் பையிலிருந்து க்ரேப் பேண்டேஜ் எடுத்து, பாதத்திலிருந்து மேல்நோக்கி எட்டுப் போட்டுச் சுற்றினீர்கள். (அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு எங்கள் பரோட்டாப் பொட்டலத்தோடு போய்விட்டது.)

டாக்சி வரும் சாலை வரை தோள் கொடுத்தீர்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். ஊன்றி நடக்கக் கொடுத்த குடை இன்னும் என் வீட்டு வாசலில் இருக்கிறது அண்ணே, இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.